எந்தக் காடு, டீச்சர்?

படுத்துக்கோ மிது. காலை நல்லா மூடிக்கோ, குளிருது. யூனிபார்ம் எங்கேயும் போகாது, ஆணியிலதான் தொங்குது. எத்தனை தடவை எழுந்து பார்ப்ப?

கதை சொல்றேன். ஆனா முதல்லயே சொல்லிடறேன், இது சித்தி கண்ணால பார்த்தது இல்ல. நான் காலேஜுக்குப் போன பஸ்ல ஞானசிகாமணின்னு ஒரு கண்டக்டர் இருந்தாரு. அவர் சொன்னது. அவருக்கு அவங்க அக்கா சொன்னதாம். அதனால நடுவுல கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். எனக்குத் தெரியாத இடம் வந்தா தெரியாதுன்னே சொல்லிடுவேன். சரியா?

“ம்.”

ஒரு ஊர்ல ஒரு அப்பாவும் மகளும் இருந்தாங்க. ஊருன்னா, நம்மளது மாதிரி மலை மேல ஒரு தேயிலை எஸ்டேட். மகள் பேரு வடிவு. அப்பா பேரு சுடலைமுத்து. அப்போல்லாம் எஸ்டேட்ல அஞ்சாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். ஆறாவது படிக்கணும்னா டவுனுக்குப் போகணும். எஸ்டேட் ஆளுங்க குடியிருந்த அந்த லைன் வீட்டு வரிசையில இருந்து ஒரு பொண்ணும் அதுவரைக்கும் போனது இல்ல. அஞ்சாவது முடிஞ்சா வீட்ல தம்பியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.

அப்புறம் அங்க பெரட்டுன்னு ஒண்ணு உண்டு. விடியறப்ப ‘டங், டங்’னு ஒரு இரும்பைத் தட்டுவாங்க. அதைக் கேட்டதும் பெரியவங்க எல்லாம் ஓடி வந்து வரிசையா நிக்கணும். கங்காணி பேர் கூப்பிடுவாரு. பேர் கொடுத்ததும், “நீ இந்தக் காட்டுக்குப் போ, நீ அந்தக் காட்டுக்குப் போ”ம்பாரு. காடுன்னா புலி இருக்கற காடு இல்ல. தேயிலைத் தோட்டத்தைத்தான் அப்படிச் சொல்றது.

“தெரியும் சித்தி. அம்மாவும் அப்படித்தான் சொல்லும்.”

சரி, தெரியும். அப்போ ஜூன் மாசம் வந்துச்சு. மழைன்னா மழை, சோன்னு ஊத்துது. தலையில சாக்கை மடிச்சு மாட்டிக்கிட்டு அப்பா முன்னாடி நடக்கறாரு. பின்னாடி வடிவு. நனைஞ்ச சாக்கு வாசனை, புதுத் துணி வாசனை, ரெண்டும் சேர்ந்து அடிக்குது. அந்த வாசனை இன்னும் மூக்குல இருக்குன்னு கண்டக்டரோட அக்கா சொன்னாங்களாம்.

ஆனா வீட்ல கிளம்பறப்பவே ஒரு சண்டை நடந்திருந்துச்சு. “ஏ தாயி, நான் கேட்டுக்குள்ள எல்லாம் வர மாட்டேன்”ன்னாரு அப்பா. அவரு ஆஸ்பத்திரிக்குப் போனாக்கூட வாசல்லயே நின்னு மருந்து வாங்கிட்டு வர்ற ஆளு. “நீ உள்ள வந்தாத்தான் நானும் போவேன். இல்லன்னா வீட்டுக்கே திரும்பிடுவேன்”னுச்சு வடிவு. சொன்னா செய்யற பொண்ணு அது. அன்னிக்குத் திரும்பி வந்துட்டா, மறுபடி யாரும் அனுப்பி வைக்கப் போறது இல்ல.

“எனக்கும் அம்மா உள்ள வரணும்.”

தெரியும். கேளு.

சளக், சளக்னு சேத்துல நடந்து பஸ் நிக்கற இடத்துக்கு வந்தாங்க. “இதுவரைக்கும் போதும்ல, தாயி?” “இன்னும் கொஞ்சம் வாப்பா.” சரின்னு ஏறினாரு. பஸ்ஸு கடகடகடன்னு வளைஞ்சு வளைஞ்சு போச்சு. டவுன் பாலம் வந்துச்சு. இறங்கினாங்க. “இதுவரைக்கும் போதும்ல?” “இன்னும் கொஞ்சம் வாப்பா.” சரின்னு வந்தாரு. அப்புறம் ஸ்கூல் கேட்டு வந்துச்சு. பெரிய இரும்புக் கேட்டு. “இதுவரைக்கும் போதும், தாயி. இதுக்கு மேல என்னால ஆகாது.”

வடிவு உள்ள போகாம அவரு பக்கத்துலயே நின்னுச்சு.

இப்ப நீ சுத்திப் பார்த்தா ஒரே சாக்கு. எல்லா எஸ்டேட்ல இருந்தும் அம்மா அப்பா வந்து கேட்டுக்கு வெளிய மழையில நிக்கறாங்க. ஒருத்தரும் உள்ள போகல. புள்ளைங்களும் போகல. மேபல் டீச்சர்னு அங்க ஒரு பெரிய டீச்சர். அவங்க குடை பிடிச்சுக்கிட்டு வந்து, “உள்ள வாங்க, எல்லாரும் உள்ள வாங்க”ன்னு கூப்பிட்டாங்க. “பரவால்லீங்கம்மா, இங்கனயே நிக்கிறோம்.” மறுபடி கூப்பிட்டாங்க. “கால்ல எல்லாம் சேறுங்கம்மா.” மூணாவது தடவையும் கூப்பிட்டாங்க. எல்லாரும் தரையைப் பார்த்தாங்க. டீச்சர் என்ன செய்வாங்க, திரும்பிப் போயிட்டாங்க.

அப்போ மணி அடிச்சுது. அந்த ஸ்கூல்ல மணின்னா, மரத்துல கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. டங். டங். டங்.

என்ன ஆச்சு தெரியுமா?

“ம்… என்ன ஆச்சு?”

வெளிய நின்ன அத்தனை பேரும் சரசரன்னு கேட்டைத் தாண்டி உள்ள வந்துட்டாங்க. அம்மாங்க ஒரு வரிசை, அப்பாங்க ஒரு வரிசை. தலையில இருந்த சாக்கை எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, கையைக் கட்டிக்கிட்டு, நூல் பிடிச்ச மாதிரி நிக்கறாங்க. யாரும் யோசிக்கல. இரும்புச் சத்தம் கேட்டா வரிசையில நிக்கணும், அவ்வளவுதான். புள்ளைங்கதான் எங்க நிக்கறதுன்னு தெரியாம முழிக்குதுங்க.

அப்போ மாடியில இருந்து பத்தாவது பசங்க பார்த்தாங்க. கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. “டேய், அம்மா அப்பா எல்லாம் ஆறாவது சேர வந்திருக்காங்கடா.”

அப்பத்தான் சுடலைமுத்துக்குத் தான் எங்க நிக்கறோம்னு தெரிஞ்சுது. மூஞ்சி செத்துப் போச்சு. சாக்கை எடுத்து மறுபடி தலையில போட்டாரு. கால் கேட்டுப் பக்கம் திரும்பிடுச்சு. வடிவும் திரும்பிடுச்சு.

“ஐயோ.”

இரு. அப்போ மேபல் டீச்சர் படபடன்னு இறங்கி வந்தாங்க. குடையை எங்கேயோ வெச்சுட்டாங்க. நேரா வரிசையில முதல் ஆள்கிட்ட போய், “உங்க பேர் சொல்லுங்க”ன்னாங்க. பேர் கேட்டா கொடுத்துத்தானே பழக்கம்? அவரும் கொடுத்தாரு. “வந்துட்டீங்க. உங்ககூட யாரு?” “எம் பையன்ங்கம்மா.” “அவனும் வந்தாச்சு.” அடுத்த ஆளு. அதுக்கு அடுத்த ஆளு. வரிசையில பேர் கூப்பிட்டுக்கிட்டு இருக்கறப்ப நடுவுல போற பழக்கம் சுடலைமுத்துக்குக் கிடையாது. அதனால நின்னாரு. அவர் முறை வந்துச்சு.

“சுடலைமுத்துங்க.”

“சுடலைமுத்து வந்துட்டாங்க. கூட யாரு?”

“மகளுங்க. வடிவு.”

“வடிவும் வந்தாச்சு.”

எஸ்டேட்ல கங்காணி அவரை எப்பவும் “ஏ நெட்டை”ன்னுதான் கூப்பிடுவாராம். தன்னோட அப்பா பேரை ஒருத்தர் மரியாதையா சொல்லி வடிவு அன்னிக்குத்தான் கேட்டுச்சாம்.

மழை கொட்டுது. டீச்சர் தொப்பலா நனைஞ்சுட்டாங்க. அப்போ சுடலைமுத்து, பழக்க தோஷம்தான், கேட்டுட்டாரு.

“எந்தக் காடு, டீச்சர்?”

அப்புறம் சொல்லணுமா, வரிசையே சிரிச்சுது. அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு. டீச்சர் மட்டும் சிரிக்கல. கையை நீட்டிக் காட்டினாங்க. “ஆறாவது பி. அதோ, கடைசி ரூம். புள்ளையைக் கொண்டு போய் பெஞ்சுல உக்கார வெச்சுட்டு வாங்க.”

வேலை சொல்லியாச்சு. வேலைன்னு சொன்னா அவரு செய்யாம விட மாட்டாரு. மகள் கையைப் பிடிச்சுக்கிட்டு விறுவிறுன்னு நடந்தாரு. சேத்துக் காலோட ரூமுக்குள்ளயே போயிட்டாரு. பெஞ்சைத் துண்டால துடைச்சாரு. ஆடுதான்னு தானே உக்கார்ந்து பார்த்தாரு, கிரீச்னுச்சு. ஜன்னல் ஒழுகுதான்னு பார்த்தாரு. அப்புறம் வடிவை உக்கார வெச்சுட்டு ஒரு நிமிஷம் நின்னாரு.

“இதுவரைக்கும் போதும்ல, தாயி?”

வடிவு சொல்லுச்சு, “போதும்பா. நீ போ.”

அவரு எப்படி வீட்டுக்குப் போனாரு, வழியில என்ன நினைச்சாருன்னு எல்லாம் எனக்குத் தெரியாது. கண்டக்டருக்கும் தெரியல.

“சிரிச்ச பசங்க?”

அவங்களை டீச்சர் கீழ வரச் சொன்னாங்க. “உங்க வீட்ல இருந்து யார் வந்திருக்கா?” “யாரும் வரல, டீச்சர்.” “நாளைக்குக் கூட்டிட்டு வாங்க.” அவங்க அம்மா அப்பாவும் மறுநாள் வந்து மழையில நின்னு பேர் கொடுத்தாங்களாம்.

அவ்வளவுதான். கதை நனைஞ்சு வீடு போய்ச் சேர்ந்தாச்சு, நீயும் கண்ணை மூடு.

மிது?

தூங்கிட்டா. இந்தக் கால் மட்டும் எப்பவும் போர்வைக்கு வெளியதான்.

“எந்த ரூம்னு சொன்னடி?”

அக்கா, நீ இன்னும் தூங்கலையா? நாளைக்கு ஸ்கூல் கேட்டு வரைக்கும்தான் வருவேன், உள்ள அவளை நான் கூட்டிட்டுப் போகணும்னு சொல்லிட்டியே.

“எந்த ரூம்னு கேட்டேன்.”

அதை நான் விசாரிச்சேன்க்கா. கண்டக்டர் சொன்னது நம்ம மிது சேரப் போற ஸ்கூலைத்தான். வருஷா வருஷம் திறக்கற அன்னிக்கு அங்க அம்மா அப்பா பேரைக் கூப்பிடுவாங்கன்னு சொல்லியிருந்தாரு. அதை நம்பி உன்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு. நேத்து போய்க் கேட்டேன். பேர் கூப்பிடறது நின்னு ரொம்ப வருஷம் ஆச்சாம், இப்ப மைக்ல பேசிட்டு விட்டுடுவாங்களாம். ஆனா முதல் நாள் மட்டும் பெத்தவங்க பெஞ்சு வரைக்கும் போகலாம். வாட்ச்மேன்கிட்டயும் கேட்டேன், ஆபீஸ்லயும் கேட்டேன், ரெண்டு பேரும் அதையேதான் சொன்னாங்க. மிதுவுக்கு ஆறாவது பி. அது இப்பவும் அந்தக் கடைசி ரூம்தான்க்கா, தண்ணி டேங்குக்கு எதிர்ல.