பூவாயிக்குப் படுக்கை தேடின கதை

ஒரு ஊர்ல ஒருத்தன்னுதான் ஆரம்பிக்கணும். ஆனா இந்த மந்தையனுக்கு ஊர்னு ஒண்ணு நிலையா கெடையாது, நான் என்ன பண்ண? வெளியில படுத்துத் தூங்குற கதைதான் வேணும்னு அடம் புடிச்ச இல்ல, அமுதி, அதான் அவன் கதையச் சொல்றேன். காலை ஆட்டாமக் கேளு. நடுவுல கேள்வி கேட்டா இந்தப் பெரியம்மாவுக்குக் கோவம் வரும். "ம்" மட்டும் கொட்டு.

மந்தையன் கிடை போடுறவன். கிடைன்னா, அறுவடை முடிஞ்ச காட்டுல ராத்திரி ஆட்டையெல்லாம் அடைச்சுப் போடுறது. புழுக்கை விழுந்து மண்ணுக்கு உரமாகும். ரெண்டு ராத்திரி ஒருத்தர் காட்டுல, அப்புறம் அடுத்தவர் காட்டுல. மொத்தம் முன்னூறு ஆடு. மந்தையன், அவன் பொண்டாட்டி ராக்கு, அஞ்சு வயசு மக பூவாயி, மூணு பேரும் ஆட்டுக்குப் பக்கத்துலயே வெட்டவெளியில படுத்துக்குவாங்க.

ம் சொல்லு. ஆங், சரி.

அப்போ மார்கழி வந்துச்சு. பனின்னா அப்படி ஒரு பனி. பூவாயிக்கு இருமல் புடிச்சுக்கிச்சு. லொக்கு லொக்கு, லொக்கு லொக்கு. ராத்திரி பூரா. பகல்ல ஒண்ணும் இருக்காது, படுத்தா வந்துரும். மந்தையன் தன் கறுப்புக் கம்பளிய எடுத்துப் புள்ளைக்கு மூணு சுத்து போத்திவிடுவான். அப்பவும் லொக்கு லொக்கு.

அப்புறம் பச்சிலை குடுக்கிற கிழவி ஒருத்திகிட்டத் தூக்கிட்டுப் போனாங்க. கிழவி புள்ள நெஞ்சுல காது வெச்சுக் கேட்டுச்சு. "குளிர் நெஞ்சுல எறங்கிருச்சு. இருமலுக்கு நான் மருந்து குடுப்பேன். படுக்கிற எடத்துக்கு என்ன மருந்து குடுக்க? நல்ல படுக்கையாப் பாத்துப் போடுங்க. இல்லாட்டி இந்த மார்கழியப் புள்ள தாண்டாது"ன்னு சொல்லிருச்சு. கூட்டிட்டுப் போயி விட ஒரு வீடோ, பாத்துக்க ஒரு ஆளோ அவங்களுக்கு இல்ல. கட்டில் போட்டா என்னன்னு கேக்காத. ரெண்டு நாளைக்கு ஒரு காடு மாறுறவன் கட்டிலத் தலையில சுமந்துக்கிட்டுப் போனா ஆட்டை யாரு ஓட்டுறது?

அதனால மொதல்ல ஒரு புது கோரைப்பாய் கொண்டுவந்தான். வழவழன்னு அழகான பாய். சுருட்டிக் கக்கத்துல வெச்சுக்கலாம். அன்னிக்கு ராத்திரி மண்ணோட ஈரம் பாய் வழியா நசநசன்னு ஏறிடுச்சு. லொக்கு லொக்கு.

அப்புறம் வைக்கோல். காட்டுக்காரர் ஒரு கட்டு குடுத்தாரு. மொத்தமாப் பரப்பிப் புள்ளையப் படுக்கப் போட்டாங்க. நல்ல கதகதப்பு. பூவாயி சிரிச்சா கூட. நடுச்சாமத்துல "கறுக் கறுக்"னு சத்தம். என்னடான்னு பாத்தா, நாலு ஆடு பட்டியத் தாண்டி வந்து புள்ளைக்குக் கீழ இருந்து படுக்கையத் தின்னுக்கிட்டு இருக்கு. விடியறதுக்குள்ள வெறும் மண்ணுதான் மிச்சம். நீ சிரி. அவங்களுக்குச் சிரிப்பு வரல.

மூணாவதா பஞ்சு மெத்தை. டவுன்ல இருந்து, ஒரு கெடாக்குட்டியக் குடுத்துட்டு வாங்கிட்டு வந்தான். மொத ராத்திரி புள்ள அதுல புதைஞ்சு கெடந்தா. ஆனா பஞ்சு பனியக் குடிச்சிருச்சு. மறுநாள் தூக்கினா தண்ணிக்குடம் கனத்துக்குக் கனக்குது. ரெண்டு நாள் வெயில்ல போட்டும் காயல. அதுலயே படுத்ததுல இருமலோட காய்ச்சலும் வந்திருச்சு.

ம் சத்தத்தையே காணோமே. இருக்கியா? சரி.

அன்னிக்கு விடியக்காலம் ராக்கு ஆட்டுக்கிட்டப் போனா. படுத்திருந்த கெழட்டு ஆடு ஒண்ணு எந்திரிச்சு நின்னுச்சு. அது படுத்திருந்த எடத்துல சும்மா கைய வெச்சா. அந்தப் பனியிலயும் மண்ணு காஞ்சு கதகதன்னு இருக்கு. அப்புறம் ஓடியாந்து புள்ளையோட மெத்தைக்குக் கீழ கைய விட்டா. சில்லுன்னு இருந்துச்சு. அவளுக்குப் புரிஞ்சு போச்சு.

"ஏங்க, குளிரு மேல இருந்து வரல. கீழ இருந்து வருது. ஆடு ரோமத்தைக் கீழ வெச்சுப் படுக்குது. நாம கம்பளிய மேலயே போத்திக்கிட்டு இருக்கோம்."

மந்தையன் மொகம் செத்துப் போச்சு. அவன் வம்சத்துல கம்பளிய மண்ணுல விரிக்க மாட்டாங்க. செத்தவங்களக் கெடத்துறதுக்கு மட்டுந்தான் விரிப்பாங்க. அவன் அப்பனையும் இதே கம்பளியிலதான் கெடத்தினாங்க.

"மாட்டேன் ராக்கு. உசுரோட இருக்கிற புள்ளைய அதுல படுக்க வைக்க மாட்டேன்."

ராக்கு சத்தம் போடல. "இப்படியே விட்டா இன்னும் நாலு நாள்ல எப்படியும் விரிக்கத்தான் போறீங்க. அத உசுரோட இருக்கும்போதே விரிங்க"ன்னா.

அவன் அன்னிக்கு ராத்திரியானதும் கம்பளிய எடுத்தான். நாலா மடிச்சான். மண்ணுல விரிச்சுட்டான். புள்ளையத் தூக்கிப் படுக்க வெச்சு, மேல ராக்குவோட சேலைய ரெண்டாப் போட்டு மூடினாங்க. மந்தையன் இடுப்பு வேட்டியோட பனியில பக்கத்துல உக்காந்துட்டான்.

லொக்கு லொக்கு. அப்புறம் கொஞ்ச நேரங்கழிச்சு, லொக்கு. அப்புறம் ஒண்ணுமில்ல.

ஒண்ணுமே இல்ல. அப்பத்தான் அவனுக்கு பயம் வந்துச்சு. இத்தன நாளா அந்த இருமலக் கேட்டுத்தான புள்ள இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டான். தொட்டுப் பாக்கக் கை போகல. விடியிற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தான், தானே புள்ளையக் கொன்னுட்டோம்னு நெனச்சுக்கிட்டு.

பொழுது வெளுத்ததும் ராக்கு வந்து புள்ள கன்னத்தத் தொட்டா. காய்ச்சல் இல்ல. பூவாயி மொகத்தச் சுளிச்சு, அம்மா கையத் தள்ளிவிட்டு, "விடும்மா, இன்னுங் கொஞ்ச நேரம்"னா.

மந்தையன் அழுதான். வாயப் பொத்திக்கிட்டு அழுதான், புள்ள முழிச்சிரக் கூடாதேன்னு.

அன்னிக்குக் காடு மாறணும். வெயில் ஏறிருச்சு. அடுத்த காட்டுக்காரர் கோவமா வந்தாரு. "என்ன மந்தையா, இன்னும் ஆட்டை ஓட்டலயா?"

"புள்ள தூங்குதுங்க"ன்னான்.

அவரு எட்டிப் பாத்தாரு. செருப்பக் கழட்டி வெச்சுட்டு, சத்தமில்லாம வரப்புல உக்காந்துட்டாரு. முன்னூறு ஆடும் பசியோட நின்னுச்சு.

அம்புட்டுதான். கதை அங்கயே நிக்குது. பூவாயி இன்னும் எந்திரிக்கல. நீயும் எந்திரிக்காத, தூங்கு.