மயில் மேல் படர்ந்த தங்கக்கொடி

செம்பூர் நாட்டை ஆண்ட மாறவேந்தனுக்குப் பெருமை கொஞ்சம் அதிகம். கோபம் அதைவிட அதிகம்.

அவர் ஒருநாள் அச்சுப் படம் செய்யும் கலைஞர் வேலாச்சாரியைக் கூப்பிட்டு மயில் படம் செய்யச் சொன்னார். வேலாச்சாரி கட்டையில் மயிலைச் செதுக்கி, துணியில் அச்சு எடுத்து, சாயம் தீட்டி, கண்ணாடிச் சில்லும் வண்ணக் கல்லும் ஒட்டினார். மொத்தம் ஏழே படம். ஏழு நாட்டு அரசர்களுக்கு ஆளுக்கொன்று. உலகத்தில் எட்டாவது கிடையாது என்று ராஜா தன் கையாலேயே ஓலை எழுதி அனுப்பினார்.

கடைசிப் படம் எடுத்ததும் அச்சுக்கட்டையில் உளியால் குறுக்கே வெட்டிவிடுவது அந்த ஊர் வழக்கம். அப்புறம் யார் அச்சு எடுத்தாலும் வெட்டு விழுந்த இடம் வெறுந்துணியாகத் தெரியும். இந்த முறை ஆசைப்பட்டு ராஜாவே வெட்டினார். உளி பிடித்துப் பழக்கமில்லையா, வெட்டு மயிலின் கழுத்தில் தொடங்கி, கோணிக்கொண்டு போய்த் தோகையில் முடிந்தது. கட்டையைக் கஜானாவில் வைத்துப் பூட்டினார்கள். சாவி கஜானா அதிகாரி அழகப்பிள்ளையின் இடுப்பில்.

ஒரு மாதம் போனது. அழகப்பிள்ளை சபைக்கு எட்டாவது படத்தோடு வந்தார். சந்தையில் ஒரு வெளியூர் வியாபாரியிடம் கிடைத்ததாம். அவருடைய மச்சினன் அரண்மனை ஓவியர் வேலைக்கு அலைவது ஊருக்கே தெரியும்.

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. உடனே வேலாச்சாரியைச் சபைக்கு வரவழைத்தார். ஏழு அரசர்கள் முன்னால் தன்னைப் பொய்யனாக்கிய வேலாச்சாரி, விளக்கு வைப்பதற்குள் நாட்டை விட்டுப் போகவேண்டும் என்றார். வேலாச்சாரி எத்தனையோ சத்தியம் செய்தார். தூண் ஓரமாக அவர் மனைவி கைக்குழந்தையோடு நின்று கண்ணைத் துடைத்தாள். குழந்தை மட்டும் படத்தில் மினுங்கிய கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தது.

அப்போது அரசவை விகடகவி சிங்காரம் எழுந்து வந்து படத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பிள்ளைவாள், இதை ஆச்சாரி எப்போது எடுத்திருப்பார்?"

"இதென்ன கேள்வி? அந்த ஏழோடு சேர்த்தே எடுத்து ஒளித்திருப்பார். அப்புறம்தான் கட்டையை மகாராஜா வெட்டிவிட்டாரே."

"அதுவும் சரிதான். ஆனால் மற்ற ஏழிலும் இல்லாத ஒரு தங்கக்கொடி இதில் இருக்கிறதே. கழுத்திலிருந்து தோகை வரைக்கும் கோணலாகப் படர்ந்திருக்கிறது."

"அழகுக்காக ஒட்டியிருப்பார்."

சிங்காரம் ஒரு கிண்ணம் வெந்நீரும் துணியும் கேட்டார். விலை உயர்ந்த படம், நனைக்கக்கூடாது என்று அழகப்பிள்ளை குறுக்கே வந்தார். ராஜா அவரை நகரச் சொன்னார்.

வெந்நீர் பட்டதும் பிசின் இளகி, கொடியாக ஒட்டியிருந்த மெல்லிய தங்க ரேக்கு உரிந்து வந்தது. அடியில் மயிலைக் காணோம். வெறுந்துணிதான் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோணலைப் பார்த்ததும் ராஜாவுக்குத் தன் கை அடையாளம் தெரிந்துவிட்டது. வெட்டிய பிறகு எடுத்த அச்சு! சபை மொத்தமும் திரும்பி அழகப்பிள்ளையின் இடுப்புச் சாவியைப் பார்த்தது. அவர் மேல்துண்டால் அதை மூடிக்கொண்டார்.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவரை நாட்டை விட்டு அனுப்பினார்கள். வேலாச்சாரிதான் இனி அரண்மனை ஓவியர் என்றார் ராஜா. பிறகும் அவருக்கு மனம் ஆறவில்லை.

"இந்தத் திருட்டுப் படத்தைக் கொளுத்திவிடலாமா, சிங்காரம்?"

"ஐயோ, வேண்டாம் மகாராஜா. அந்த ஏழும் ஆச்சாரி தனியாகச் செய்தது. மகாராஜாவின் கைவேலையும் சேர்ந்த படம் உலகத்திலேயே இது ஒன்றுதான்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்து மடியில் விழுந்தது.