போர்த் தாம்பூலம்

காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். முடிவில் ஒரு கேள்வி வரும். அப்போது கூரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தால் நான் பொறுப்பல்ல.

தேனாற்றின் தென்கரை நாட்டை அரசி நல்லினி ஆண்டாள். வடகரை நாட்டை அழிசி ஆண்டான். மக்களோ அக்கரையில் பெண் கொடுத்து இக்கரையில் பெண் எடுத்து, எல்லையையே மறந்துபோயிருந்தார்கள். தென்கரையில் பஞ்சம் வந்தபோது அழிசி தன் களஞ்சியத்தைத் திறந்து நெல் அனுப்பினான். அந்த நன்றியில் நல்லினி, "உங்கள் அரியணைக்கு ஆபத்து வந்தால் என் படை உங்களுடையது" என்று சபையறிய வாக்குக் கொடுத்தாள்.

ஆபத்து வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. அழிசியின் படைத்தலைவன் மூவன் ஒரு விடியலில் அரண்மனையை வளைத்துத் தானே முடிசூட்டிக்கொண்டான். உடுத்திய துணியோடு தப்பித்து ஆற்றைக் கடந்த அழிசி, நல்லினியிடம் வந்து வாக்கை நிறைவேற்றச் சொன்னான். அவமானம் அவனைத் தின்றுகொண்டிருந்தது. அரியணையும் மூவனின் தலையும் தவிர வேறெதுவும் அவன் நினைவில் இல்லை.

தென்கரையில் ஒரு வழக்கம் உண்டு. போர் என்றால் அரசி வெள்ளித் தட்டில் தாம்பூலம் வைப்பாள். அதை எடுப்பவர்தான் படையை நடத்த வேண்டும். எடுத்த பிறகு படைக்கு அவர் சொல்லே கடைசிச் சொல். அரசிகூடக் குறுக்கே வரக் கூடாது. பொழுது சாயும்வரை யாரும் எடுக்காவிட்டால் அரசியே எடுத்துப் புறப்பட வேண்டும். இன்னார்தான் எடுக்கலாம் என்று விதியில்லை. எப்போதும் சேனாதிபதியே எடுத்துவந்ததால், அதைப் பற்றி யாரும் யோசித்ததும் இல்லை.

அன்று சேனாதிபதி கொற்றனின் கை நீளவில்லை.

"மூவனை அவன் மக்களுக்கே பிடிக்கவில்லை, தாயே. நாம் ஆற்றில் கால் வைத்தால், நம்மை எதிர்க்க அவர்களே அவன் பின்னால் போய் நிற்பார்கள். திருடனை ஊர்க்காவலன் ஆக்கும் வேலை எனக்கு வேண்டாம்" என்றான். நடப்பதை மறைக்காமல் சொல்வதுதான் அவன் பதவிக்குரிய கடமை. சொல்லிவிட்டு வாளை அரசியின் காலடியில் வைத்து ஒதுங்கினான். இளம் வீரர்கள் அவனைக் கோழை என்று முணுமுணுத்தார்கள்.

அடுத்து, படையை அக்கரைக்கு ஏற்றிச் செல்லத் தோணித்துறைத் தலைவி செங்கணியை அழைத்தார்கள். அவளுடைய தோணிகள் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. ஓட்டை அடைக்கிறோம் என்று அவளுடைய ஆட்கள் சொன்னார்கள். ஒரு தோணி பாக்கியில்லாமல் ஒரே நாளில் ஓட்டை விழுந்த அதிசயத்தை நீங்கள் வேறெங்கும் கேட்டிருக்க மாட்டீர்கள். அரசி முறைத்ததும் செங்கணி பூசி மெழுகவில்லை.

"ஓட்டையும் இல்லை, ஒண்ணும் இல்லை, தாயே. என் மகள் அக்கரையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். உப்பு ஏற்றுவேன், கல்யாணக் கூட்டம் ஏற்றுவேன். அவள் வாசலுக்கு வேல் ஏற்ற மாட்டேன். என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

நல்லினிக்கும் போரில் ஆசையில்லை. ஆனால் வாக்கு வாக்குதானே? கோடையில் ஆறு இடுப்பளவுதான், நடந்தே கடப்போம் என்று அறிவித்தாள். வெயில் தாழ்ந்தது. அவள் எழுந்து தட்டை நோக்கிக் கை நீட்டினாள்.

அழிசி அதுவரை சாளரத்தருகே நின்று அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே நெல் முற்றிக் கிடந்தது. வரப்போரம் மூவனுக்காக வேல் பிடித்து நின்றவர்கள் அந்த வயல்களை உழுதவர்கள்தான். அவன் விறுவிறுவென்று வந்து அரசியின் கைக்கு முந்தித் தாம்பூலத்தை எடுத்துக்கொண்டான். பறிகொடுத்தவனே படை நடத்தப் போகிறான் என்று சபை ஆரவாரம் செய்தது. முரசுகூட அறைந்துவிட்டார்கள்.

அழிசி கையமர்த்தினான். "தங்கையே, படை தருவதாகச் சொன்னாய், தந்துவிட்டாய். உன் வாக்கு நிறைவேறிவிட்டது. இனி இது என் படை. வீரர்களே, ஆற்றங்கரையில் அடித்த கூடாரங்களைப் பிரித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்."

தன் அரியணைக்கு இருந்த ஒரே வழியைத் தன் வாயாலேயே அடைத்துவிட்டதாகத்தான் அவன் நினைத்தான்.

அக்கரையில் மூவன், தென்கரைப் படை இதோ வருகிறது என்று சொல்லித்தான் வீரர்களைக் கரையில் கட்டிப்போட்டிருந்தான். அவர்கள் கண்ணெதிரே கூடாரங்கள் மறைந்தன. வந்தவை உப்புத் தோணிகள் மட்டுமே. முதல் தோணியில் மகளுக்குப் பலகாரத்தோடு செங்கணி உட்கார்ந்திருந்தாள். யாருக்காகக் காவல் நிற்கிறோம் என்று வீரர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். விளைந்த நெல்லோ உதிர ஆரம்பித்திருந்தது. வேல்களைச் சாய்த்துவைத்துவிட்டு அரிவாள் எடுக்கப் போனார்கள்.

அறுவடை முடிந்த கையோடு ஊர் மொத்தமும் அரண்மனை முன்னால் திரண்டது. யாரும் ஒரு கல்கூட எறியவில்லை. வாயிற்காவலன் அவனாகவே கதவைத் திறந்தான். மூவன் பின்வாசல் வழியாக ஓடினான். ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல் வடகரை மீண்டது. எவ்வளவு பெரிய வெற்றி! மேளதாளத்தோடு தோணிகளில் வந்த மக்கள் தங்கள் அரசனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். தென்கரையும் சேர்ந்து ஆடியது.

வழியனுப்பும் விழாவில் நல்லினி வாகை மாலையை எடுத்தாள். போரில் வென்றவர்களுக்கு மட்டுமே விழும் அந்த மாலை, இம்முறை போரைத் தடுத்தவருக்கு என்றாள். பதவியைத் துறந்த கொற்றன், தலையைக் கொடுக்கத் துணிந்த செங்கணி, படையைக் கலைத்த அழிசி மூவரும் எதிரே நின்றார்கள். மாலை ஒன்றுதான். அது யார் கழுத்தில் விழ வேண்டும்? சொல்லுங்கள்.

விடை: அழிசியின் கழுத்தில். அவனுக்குத்தான் அரியணை கிடைத்துவிட்டதே, மாலை வேறா என்று சண்டைக்கு வராதீர்கள். கிடைக்கும் என்று அன்று அவனுக்குத் தெரியாது. கொற்றன் செய்தது கடமை. செங்கணி காத்தது தன் மகளை. இருவரும் அரிய மனிதர்கள்தான். ஆனால் அவர்கள் மறுத்த பிறகும் அரசியின் கை தட்டை நோக்கி நீண்டது. அரியணை போனபின் குடிகளைக் காக்கும் கடமையும் அழிசியைவிட்டுப் போயிருந்தது. ஆயினும், தனக்காகச் சாகக் காத்திருந்த படையைப் பார்த்து வேண்டாம் என்றான். நல்லினியும் அவனுக்குத்தான் மாலையிட்டாள். கொற்றனும் செங்கணியும்தான் முதலில் கைதட்டினார்கள்.