புதுப் பிரஷ் குடித்த நுரை

பொன்னுரங்கத்துக்கு வயது ஐம்பத்தாறு. அவர் குருவாக வரித்துக்கொண்ட சாமிக்கோ நாற்பத்திரண்டுதான். தெருக்கோடி மடத்தில் இருந்த அந்தச் சாமி, தன் சீடரை "அண்ணே" என்றே கூப்பிடுவார். இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் ஊரில் குறைவு. இருவரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஒரு நாள் காலை பொன்னுரங்கம் முகம் தொங்கிப்போய் வந்து உட்கார்ந்தார்.

"சாமி, வெறுத்துப்போன மனசு திரும்புமா?"

யார் மனசு என்று சாமி கேட்டார்.

அப்பா வேதாசலத்தின் மனசுதான். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். சவரம் செய்யாத முகத்தோடு ஒரு நாள்கூட வாசல்படி தாண்டியதில்லை. பதினோரு வருஷமாக மகனோடு பேச்சு கிடையாது. அம்மா செத்த வீட்டில் பொன்னுரங்கம் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனதுதான் காரணம். இப்போது பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் வரவில்லை. மகன்தான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறார். ஊட்டினால் சாப்பிடுகிறார். சவரம் செய்யப் போன அன்றுகூட ஆசையாக முகத்தைக் காட்டினாராம். பிரஷ் பட்டதோ இல்லையோ, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் கிட்டே விடுவதில்லை.

"தேஞ்சுபோன பழைய பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுட்டு, ஒசத்தியா பன்றிமுடி பிரஷ் வாங்கிட்டு வந்தேன் சாமி. முதல் நாளே அதைத் தட்டிவிட்டுட்டார். என் கை பட்டாலே அவருக்கு ஆகலை."

சாமி பிரஷ்ஷையும் சோப்பையும் எடுத்துவரச் சொன்னார். வந்ததும் கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மடத்துக்குள்ளே பன்றிமுடியா என்று சமையல்காரர் முணுமுணுத்துக்கொண்டே அடுக்களைக்குப் போனார்.

பொன்னுரங்கம் பதறிப்போனார்.

"கத்தி வேண்டாம் அண்ணே. நுரை மட்டும் போடுங்க."

பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கிச் சோப்பில் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். வந்த கொஞ்சநஞ்ச நுரையும் முடிக்குள்ளே போய் மாயமானது. சாமியின் கன்னத்தில் வெறும் சோப்புத் தண்ணீர்தான் வழிந்தது.

"நுரையை எல்லாம் இதுவே குடிச்சிடுது சாமி."

"புதுசுதானே, குடிக்கட்டும். நாளைக்குக் கொஞ்ச நேரம் தண்ணியில ஊறப் போட்டுட்டு வாங்க."

மறுநாள் ஊறவைத்துக் கொண்டுவந்தார். கொஞ்சம் தேவலை, ஆனால் பன்றி வாடை குப்பென்று அடித்தது. சாமி மூக்கைச் சுளிக்கவில்லை. அன்றிலிருந்து காலையும் மாலையும் இதே வேலையாகப் போயிற்று. தண்ணீரை எவ்வளவு உதற வேண்டும், சோப்பை எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதெல்லாம் மெல்லக் கைக்குப் பிடிபட்டது. விறைத்துக்கொண்டிருந்த முடி நுனிகள் பிரிந்து மெத்தென்று ஆகத் தொடங்கின.

பத்தாம் நாள் நுரை கெட்டித் தயிர் மாதிரி எழும்பிக் கன்னத்தில் அப்படியே நின்றது. பொன்னுரங்கத்துக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

சாமி முகம் கழுவிவிட்டு வந்து நின்றார். அப்போதுதான் பொன்னுரங்கம் அந்தக் கன்னத்தைச் சரியாகப் பார்த்தார். தோல் சிவந்து, அங்கங்கே பொருக்குத் தட்டியிருந்தது.

"பிரஷ் குத்துச்சா சாமி?"

"ஆரம்பத்துல நல்லாவே குத்துச்சு."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வேணும்னா சொல்ல வாய் இருக்குன்னு பொறுத்துக்கிட்டேன். பேச்சு வரலைன்னா நானும் முகத்தைத் திருப்பியிருப்பேன்."

பொன்னுரங்கம் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். மூச்சிரைக்க ஓடிவந்தார். கண்ணெல்லாம் தண்ணீர், வலது கன்னத்தில் அப்பிய நுரை.

தாடியைக் கத்தரித்தபோது அப்பா அசையாமல் படுத்திருந்தாராம். பிரஷ் பட்டபோதும் திரும்பவில்லையாம். கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்தாராம். நுரை போட்டு முடித்துக் கத்தியை எடுக்கக் குனிந்தால், நல்லாயிருந்த இடது கையால் பிரஷ்ஷைப் பிடுங்கி, மகன் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டாராம்.

"சாமி, அப்பா என்னை மன்னிச்சிட்டாருன்னு அர்த்தமா? நீங்க சொன்னாத்தான் நம்புவேன்."

சாமி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்க அவர் முகத்துல நுரை காஞ்சுக்கிட்டிருக்கு அண்ணே. போய் மழிச்சுவிடுங்க."