வடிவு ஆற்றில் இறங்கிய நேரம்

அந்தக் காலத்தில் கணினிகளுக்கு வாய் இருந்தது. சாமானிய வாய் இல்லை, ஓயாத வாய். மனிதர்களைப் போலவே பேசும், கோபித்துக்கொள்ளும், ஊர்வம்பும் அளக்கும். ஆனால் ஒவ்வொன்றும் தன் கடிகாரம் காட்டுவதுதான் மணி என்று நினைத்துக்கொண்டிருந்தது. அடுத்ததிடம் மணி கேட்பது அவற்றுக்குக் கௌரவக் குறைச்சல்.

கருக்காற்றின் மேலே ஓர் அணை. அங்கே மதகு திறக்கிறவர் காசிராசன். கீழே, முழங்கால் அளவு தண்ணீர் ஓடும் இடத்தில் ஆற்றைக் கடக்க ஒரு துறை. தினமும் உச்சிவேளையில் மதகு திறப்பார்கள். அதற்குள் கடந்துவிட வேண்டும். நேரம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லத் துறைக்கரையில் ஒரு கணினி உட்கார்ந்திருந்தது. அதைத் துறையக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள்.

காசிராசனின் தங்கை வடிவு அந்தத் துறைக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். வீடு இக்கரையில், வயல் அக்கரையில். "ஏக்கா, இறங்கட்டுமா?" என்று தினமும் வந்து நிற்பாள். "வாயடிக்காம சீக்கிரம் போடி" என்று அக்கா விரட்டும். வெயில் படாமல் அதற்கு ஓலைக்கூரை போட்டுக் கொடுத்தவளே வடிவுதான். அவள்மேல் அக்காவுக்கு அத்தனை பிரியம்.

அந்தச் சித்திரையில் கூரையையும் மீறி வெயில் காய்ந்தது. சூட்டில் அக்காவின் கடிகாரம் தளர்ந்தது. தன் மணி பின்தங்குகிறதோ என்று அதற்கே சந்தேகம். வடிவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? வெட்கத்தை விட்டு, "அண்ணே, மணி என்ன?" என்று அணைக் கணினியிடம் கேட்டனுப்பியது.

அணைக் கணினி சரியான மணியைத்தான் சொன்னது. ஆனால் அந்தப் பதில் வழியிலிருந்த கணினிகளின் வாய்வழியாக இறங்கி வர வேண்டுமே! அதுகளுக்குச் சும்மா இருக்க முடியுமா? "உங்க வயரை எலி கடிச்சிட்டாமே?" என்றது ஒன்று. "அதை ஏன் கேக்குற!" என்று ஆரம்பித்தது இன்னொன்று. பதில் அது பாட்டுக்குக் காத்துக்கிடந்தது.

ஒருவழியாக வந்து சேர்ந்ததும், துறையக்கா அதை அப்படியே தன் கடிகாரத்தில் வைத்துக்கொண்டது. அப்பாடா என்று இருந்தது அதற்கு. அந்நேரம் பார்த்து வடிவு வந்தாள்.

"ஏக்கா, இறங்கட்டுமா?"

"நேரம் கெடக்கு. இறங்கு தாயி."

அவள் நடு ஆற்றுக்குப் போனபோது மேலே மதகு திறந்தது. தண்ணீர் வருவதைப் பார்த்து அக்கா அலறியது. வடிவு திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

நாணல் புதரில் சிக்கிக் கிடந்தவளைத் தூக்கிக் கரையில் கிடத்திவிட்டு, காசிராசன் அக்காவிடம் வந்தார்.

"யாரைக் கேட்டு அவளை இறங்கச் சொன்னே?"

"உங்க அணைக்காரனைத்தான் கேட்டேன், அண்ணாச்சி. அவன் சொன்ன மணிதான்."

"அவன் பொய் சொல்லல. அது உன்கிட்ட வந்து சேர எம்புட்டு நேரமாச்சுன்னு பாத்தியா?"

அக்கா அப்போதுதான் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது.

"நானும் சரியான நேரத்துக்குத்தான் திறந்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார் அவர். "என் கையாலேயே திறந்தேனே!"

எல்லோரும் போன பிறகு அக்கா ஒரு காரியம் செய்தது. வடிவு கரையில் நின்ற நேரத்துக்குத் தன் கடிகாரத்தைப் பின்னால் திருப்பியது. "வேண்டாம்டி, இறங்காதே" என்றது. கரையில் யாரும் இல்லை. மறுபடி திருப்பியது, மறுபடி சொன்னது. அழுது அழுது அதன் குரல் போய்விட்டது. சேதி கேட்ட மற்றக் கணினிகளும் வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டன.

அன்று முதல்தான் கணினிகள் ஊர்வம்பு பேசுவதில்லை. ஓயாமல் மணி மட்டும் கேட்டுக்கொள்கின்றன. ஒருவரை நம்பாமல் நாலு பேரிடம் விசாரிக்கின்றன. பதில் வழியில் கழித்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன. அவசரப்பட்டு முன்னே ஓடிவிட்ட கணினிகூட, கூடுமானவரை கடிகாரத்தைப் பின்னால் திருப்பாமல், நடையைக் குறைத்து மற்றவை வரும்வரை பொறுத்திருக்கிறது. பின்னால் திருப்பினாலும் கரையில் வடிவு நிற்கமாட்டாள் என்று அதற்குத் தெரியும்.