தங்கபுஷ்பம் வீட்டு ஓடும் விழப்போகும் ராக்கெட்டும்

ஊருக்கு ஒரு முட்டாள் இருந்தால் எப்படியாவது சமாளித்துவிடலாம். மொட்டைப்பனையூரில் புத்திசாலி ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் ஆள் போதாது. அந்த ஊர்த் தங்கபுஷ்பம் மூன்று மழைக்காலம் குடை பிடித்துக்கொண்டே குழம்பு கொதிக்கவைத்தவள். அந்த வருஷம்தான் அடுக்களைக்குப் புது ஓடு போட்டிருந்தாள்.

மறுவாரமே விண்வெளி மையத்து அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். பழைய ராக்கெட் ஒன்று வானத்திலிருந்து விழப்போகிறதாம்.

“எங்க விழும் சார்? என் ஓட்டு மேலயா?”

“துல்லியமாச் சொல்ல முடியாதும்மா. மேலே மயிரிழை பிசகினா கீழே ஒரு மாவட்டமே பிசகும். அதனால கம்ப்யூட்டர்ல ஆயிரம் தடவை விழவச்சுப் பார்ப்போம். ஒவ்வொரு தடவையும் வேகத்தை, காற்றைக் கொஞ்சம் மாத்துவோம். அதிகமா எங்கே விழுதோ, அங்கே விழத்தான் வாய்ப்பு அதிகம். பயப்படாதீங்க” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தங்கபுஷ்பத்துக்குச் சோறு இறங்கவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் மாசிலாமணி ஊரைக் கூட்டினார்.

“நாமளும் விழவச்சுப் பாத்துருவோம்.”

“நம்மகிட்ட கம்ப்யூட்டர் இல்லியே அண்ணாச்சி?”

“கல்லு இருக்குல்லா?”

அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. ராக்கெட் மேலேயிருந்து வருவதால் கல்லும் மேலேயிருந்துதான் வர வேண்டும். அடுக்களையை ஒட்டிய தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் ஊர் இளவட்டம் ஆவுடையப்பனை ஏற்றினார்கள்.

“ஒரே மாதிரி எறியாதலே! கொஞ்சம் கொஞ்சம் மாத்து!”

வலது கையால் ஒன்று, இடது கையால் ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு ஒன்று, தும்மிக்கொண்டே ஒன்று. ஆவுடையப்பன் குறை வைக்கவில்லை.

முதல் ஓடு நொறுங்கியதும் தங்கபுஷ்பம் நெஞ்சில் கை வைத்தாள். “ஐயோ, இங்கதான் விழும்போல!”

“பதறாத மதினி. ஒத்தக் கல்லை வச்சு முடிவு பண்ணப்படாது” என்றார் தலைவர்.

அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்தக் கூழாங்கற்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. “ராக்கெட்டு இம்புட்டுப் பொடிசாவா இருக்கும்? கணக்கு தப்பிரும்லா!” என்று தன் அம்மிக்குழவியையே தூக்கிக் கொடுத்தாள்.

சாயங்காலத்துக்குள் கணக்கு முடிந்தது. கூரையும் முடிந்தது.

“முக்காவாசி உன் அடுக்களையிலதான் மதினி” என்று தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள்.

மறுநாள் அதிகாரி சிரித்த முகமாக வந்தார். “நல்ல சேதி! ராக்கெட் நடுக்கடல்ல விழுந்திடுச்சு.”

ஊர் உடைந்த ஓட்டையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தது. தலைவர்தான் முதலில் தேறினார்.

“கடல்லயா? எங்க கல்லு ஒண்ணுகூடக் கடல்ல விழலியே! அது தப்பா விழுந்திருக்கு சார். எடுத்து மறுபடியும் போடச் சொல்லுங்க.”

தங்கபுஷ்பம் பதறிக் குறுக்கே பாய்ந்தாள்.

“இப்பவே போட்டுராதீக சார்! புது ஓடு வேயுற வரைக்கும் பொறுங்க. இல்லன்னா பாவம், அது எது மேல விழும்?”