உப்பும் ஊறுகாயும்

ஆற்றங்கரை மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் தணிகைநாதரைத்தான் முதலில் கும்பிடுவார்கள். அறுபத்தெட்டு வயது, வெள்ளைத் தாடி, பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பார்வைக்குக் குரு மாதிரியே இருப்பார். ஆனால் அவர் சீடர். குருவான அடிகளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அன்று தணிகைநாதர் சட்டைப் பையில் ஒரு கடிதத்தோடு வந்தார். முகம் சரியில்லை.

நாட்டிலுள்ள இளைஞர்களுக்கு என்னென்ன செய்யலாம் என்று ஒரு கொள்கை எழுத அரசாங்கம் குழு அமைத்திருந்தது. தணிகைநாதர்தான் தலைவர். பதினைந்து பேரில் பதினான்கு பேர் தலை நரைத்தவர்கள். இளைஞர்களுக்கான கொள்கையில் இளைஞர் ஒருவராவது வேண்டாமா என்று அவரே வாதாடி ஒரு நாற்காலி வாங்கினார். அதில் வந்து உட்கார்ந்தவள் ரெக்சலின். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர், இருபத்திரண்டு வயது.

பதினோரு கூட்டம் நடந்துவிட்டது. கொள்கையும் எழுதி முடித்தாயிற்று. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இந்த நேரத்தில்தான் அவளுடைய கடிதம் வந்திருக்கிறது. கொள்கையின் கீழே தன் பெயரைப் போட வேண்டாமாம்.

அடிகள் கடிதத்தை வாங்கி வாசித்தார்.

“எல்லோரும் என்னைப் பாப்பா என்று அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். போட்டோ எடுக்கும்போது நடுவில் நிறுத்தினார்கள். மற்ற நேரம் நான் தனியாகத்தான் இருந்தேன். மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவேன். பதினோரு கூட்டத்துக்கும் ஒரே காகிதத்தைப் பையில் எடுத்து வந்தேன், ஐயா. அதை வெளியே எடுக்கவே இல்லை.”

தணிகைநாதருக்குப் பொறுக்கவில்லை. தன்மேல் ஒரு குறையும் இல்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். மூத்தவர் முதலில், இளையவர் கடைசியில் என்பது எல்லா சபையிலும் உள்ள முறைதானே. நேரம் இழுத்துவிடும், வாஸ்தவம்தான். ஆனால் ஒரு கூட்டத்திலாவது அவளைக் கேட்காமல் அவர் எழுந்தது கிடையாது. பேனாவை மூடும்போது, பாப்பா ஏதாவது சொல்றியாம்மா என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

“ஒண்ணுமில்ல சார்னு அந்தப் பொண்ணேதான் சொல்லிச்சு சாமி. குறிப்பேட்டுல அப்படியே எழுதியும் வச்சிருக்கேன்.”

“அந்தக் காகிதத்துல என்ன இருந்துச்சு ஐயா?”

தணிகைநாதர் யோசித்தார். “தெரியல சாமி.”

அடிகள் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பெயரை எடுப்பதா, வைப்பதா என்று தணிகைநாதர் கேட்டார். பந்திக்கு நேரமாச்சு என்று அடிகள் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மடத்துப் பந்தியில் ஒரு வழக்கம் உண்டு. முதல் இலை அடிகளுடையது. அவர் இலையை மடித்துவிட்டால் எல்லோரும் மடித்துவிட வேண்டும். அதற்குமேல் ஒரு பருக்கை வாயில் போகக் கூடாது. அதனாலேயே அவர் கடைசி இலைக்குச் சோறு போய்ச் சேரும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். தணிகைநாதர் வருஷக்கணக்காக இரண்டாவது இலையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். சுடச்சுட வருவதைச் சாப்பிடுவாரே தவிர, அடிகள் எதற்குக் காத்திருக்கிறார் என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அன்று அவரைக் கடைசியில், நாற்பதாவது இலையில் உட்கார வைத்தார்கள். மனுஷனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மடத்தில் பெரியவர் சின்னவர் பார்க்கக் கூடாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

உப்பு வந்தது. ஊறுகாய் வந்தது. ஒரு கரண்டி வாழைக்காய்ப் பொரியல் வந்தது. அந்தக் கோடியில் சாம்பார் வாளி சத்தம் கேட்டது. நெய் மணம் வந்தது. நடுவில் யாரோ சிரித்தார்கள். சோற்றுக் கூடை மூன்று இலை தள்ளி வந்துகொண்டிருந்தபோது அடிகள் இலையை மடித்தார்.

நாற்பது பேரும் எழுந்தார்கள். தணிகைநாதரும் எழுந்தார்.

கை கழுவுகிற இடத்தில் அடிகள் நின்றிருந்தார். வரிசையாக வந்தவர்களுக்கு நடுவில் இவரைப் பார்த்ததும், “சாப்பாடு திருப்திதானே ஐயா?” என்று கேட்டுக்கொண்டே துண்டில் கையைத் துடைத்தார்.

இவருக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். இந்த வயதில், இத்தனை பேர் முன்னால், எனக்குச் சோறு வரவில்லை என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது.

“திருப்தி சாமி. ரொம்ப நிறைவு.”

“சந்தோஷம்” என்று சொல்லிவிட்டு அடிகள் போய்விட்டார்.

மத்தியானம் மடமே உறங்கியது. தணிகைநாதர் மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வயிறு காந்தியது. பசியைக்கூடத் தாங்கிவிடலாம். இத்தனை பேர் கூட இருந்தும் தன் இலையை ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லையே என்பதுதான் அவரை வாட்டியது. இத்தனை வருஷம் வந்துபோன இடத்தில் இன்றைக்கு ஒருத்தரும் சொந்தமில்லை என்று பட்டது. ஒரு கட்டத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

நாலு மணிக்குமேல் பொறுக்கவில்லை. நேரே அடிகள் அறைக்குப் போனார். அடிகள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

“சாமி, இலை போட்டு உட்கார வச்சீங்க. எனக்கு ஒரு வாய் சோறு வரல.”

அடிகள் தலை நிமிர்ந்தார்.

“அப்படியா? மத்தியானமே கேட்டேனே ஐயா. திருப்தி, ரொம்ப நிறைவுன்னு நீங்கதானே சொன்னீங்க. நானும் குறிப்பேட்டுல அப்படியே எழுதி வச்சிட்டேன்.”

தணிகைநாதர் வாசலிலேயே நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து, அதன் கீழே அவள் எழுதியிருந்த தொலைபேசி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.